காத்துப் பக்கம், வலைப் பக்கம்: பத்தாம் வகுப்புக் கணக்கில் இருமுறை தவறிய ஒரு மாணவன் குறித்த நிகழ்வு ஆய்வு

எதற்காக எழுதுகிறேன்

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் மாலை வகுப்பு நடத்திவருகிறேன். ஊர்ப் பொதுக்கட்டடத்தின் திண்ணைதான் வகுப்பறை. பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகளும், தவறிவிடுவார்களோ என்று வீட்டில் கவலைப்படும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களில் ஒரு பையனோடு பதினைந்து மாதம் நடந்ததை வரிசையாக இங்கே எழுதுகிறேன். அவனும் அவன் அம்மாவும் சம்மதித்திருக்கிறார்கள். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன், சில குடும்ப விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதல் மூன்று மாதத்தில் நான் செய்த இரண்டு தவறுகள் அவனை இருந்த இடத்தைவிடக் கீழே இறக்கின. அக்கறை இல்லாதவர்கள் இந்தத் தவறுகளைச் செய்ய மாட்டார்கள். பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள்தான் செய்வார்கள். அதனால்தான் மறைக்காமல் எழுத நினைத்தேன்.

பின்னணி

பையனுக்கு அப்போது வயது பதினாறு. அப்பா இருபது வருடமாக விசைப்படகில் பங்குக்குப் போனவர். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கு. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும், அனுமதிச் சீட்டு கிடைக்காது. எல்லாம் கழித்துப் பார்த்தால் வருடத்தில் கடலுக்குப் போகிற நாள் ஒரு கூலித் தொழிலாளியின் வேலை நாளைவிடக் குறைவு.

பையன் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அப்பா போன படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டது. ஆட்கள் சில வாரத்தில் திரும்பி வந்தார்கள். படகு திரும்பவில்லை. படகுக்காரருக்குப் போட்ட முதல் போனது, அப்பாவுக்கு வேலை போனது. அதிலிருந்து அவர் கேரளக் கரைக்குப் போய் அங்குள்ள படகில் ஏறுகிறார். அங்கே தடைக்காலம் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை என்பதால் இங்கே கடல் மூடியிருக்கும்போது பெரும்பாலும் அங்கே திறந்திருக்கும். வீட்டில் அம்மாவும் தங்கையும் இவனும். சனி, ஞாயிறு சித்தப்பாவின் பைபர் படகில் நண்டு வலைக்குப் போய் இவன் கொண்டுவரும் காசு வீட்டுக்குத் தேவைப்பட்டது.

அந்த மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதினான். மற்ற நான்கு பாடங்களிலும் தேறிவிட்டான். கணக்கில் 19. தேற 35 வேண்டும். முடிவு வந்த மறு வாரம் அவன் அம்மா என் வகுப்புக்குக் கூட்டிவந்தார்.

முதலில் கவனித்தது

“ஏன்டா தம்பி போச்சு?” என்று கேட்டேன். “நேரம் சரியில்ல டீச்சர். கேள்வி கஷ்டமா வந்துருச்சு” என்றான். முகத்தில் வருத்தம் இல்லை. மழை பெய்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னான்.

அடுத்த சில நாளில் அவன் சொன்ன காரணங்களைக் குறித்துவைத்தேன். வாத்தியார் நடத்தவில்லை. தேர்வறையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்துப் பையனுக்கு அவன் படித்த கணக்கே வந்தது. திருத்தினவர் யாரோ. தான் என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்பது ஒரு தடவைகூட வரவில்லை.

தன் வாழ்க்கையில் நடப்பது தன் செயலால் நடக்கிறதா, வெளியே இருந்து வருகிறதா என்ற நம்பிக்கையை அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் ஒரு வினாத்தாளாக்கி அளந்தார். அதே 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த பள்ளிக்கல்வி அறிக்கை, அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்து, சிறுபான்மைப் பிள்ளைகளின் படிப்போடு பள்ளிக் கட்டடம், நூலகம், ஆசிரியர் தகுதி இவற்றைவிட இந்த நம்பிக்கைதான் நெருங்கிய தொடர்பு காட்டுகிறது என்று சொன்னது. ஆசிரியர் பயிற்சியில் படித்த இந்த இரண்டும் எனக்கு நினைவிலிருந்தன. பையனிடம் அந்த நம்பிக்கை இல்லை, அதை ஊட்டினால் மற்றது தானாக வரும் என்று முடிவுகட்டினேன்.

கோல்மன் அறிக்கை தொடர்பைத்தான் காட்டியது, எது எதற்குக் காரணம் என்று காட்டவில்லை. நம்பிக்கை இருந்ததால் படித்தார்களா, படிக்க முடிந்ததால் நம்பிக்கை வந்ததா? இந்தக் கேள்வியை நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் முடிவு: “எல்லாம் உன் கையில்”

கலாம் பிறந்த தீவு எங்களுக்குக் கூப்பிடு தூரம். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் அவர் படித்ததை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லாத ஆசிரியர் கிடையாது. நானும் சொன்னேன். “உன் மார்க் உன் கையிலதான் இருக்கு. நேரத்தையும் வாத்தியாரையும் சொல்லாத. நீ நினைச்சா முடியும்” என்று தினமும் பத்து நிமிடம் பேசினேன். அவன் தலையாட்டினான். வகுப்புக்குத் தவறாமல் வந்தான். நான் சொன்னது வேலை செய்கிறது என்று நம்பினேன்.

இரண்டாவது முடிவு: தோற்கவே விடாமல் பார்த்துக்கொண்டது

நம்பிக்கை ஊட்டுவதென்றால் வெற்றியைச் சுவைக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவனுக்கு எளிய கணக்குகளாகவே கொடுத்தேன். பத்துக்கு ஒன்பது சரியாகப் போட்டான். கூட்டுத்தொடர் வரிசையில் பொது வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் நொடியில் சொல்வான். அம்மாவிடம், “பாருங்கக்கா, எவ்வளவு மாறிட்டான்!” என்றேன்.

ஜூன் கடைசியில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். இரண்டாவது பக்கத்தில் அவனுக்குப் பழக்கமில்லாத ஒரு கேள்வி. அதற்குப் பிறகு அவன் பேனாவைத் தொடவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டான். அடுத்த பக்கத்திலேயே அவன் பத்து தடவை போட்ட கணக்கு இருந்தது. திருப்பிப் பார்க்கவே இல்லை.

உளவியலாளர் கரோல் டுவெக் 1975-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிறகுதான் கிடைத்தது. தோற்றால் உடனே கைவிட்டுவிடும் பன்னிரண்டு பிள்ளைகள். ஒரு பாதிக்கு வெற்றி மட்டுமே கிடைக்கும்படி கணக்குகள் கொடுத்தார். மறு பாதிக்கு இடையிடையே தோற்கும்படியும் வைத்து, தோற்றது முயற்சி போதாததால்தான் என்று எடுத்துச் சொன்னார். பயிற்சி முடிந்து தோல்வியைச் சந்தித்தபோது வெற்றி மட்டுமே கண்டவர்கள் முன்போலவே சரிந்தார்கள். மற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அந்த முதல் பாதிக்கு நடந்ததைத்தான் நான் இவனுக்குச் செய்திருந்தேன்.

துணைத்தேர்வு ஜூலை முதல் வாரத்தில். ஜூன் 14 நள்ளிரவோடு தடை விலகுகிறது, இரண்டு மாதம் ஓய்ந்திருந்த கடலுக்குப் படகுகள் இறங்குகின்றன. ஐஸ் உடைக்க, வலை ஏற்ற, மீன் பிரிக்க ஆள் தேடுகிற நேரம். கரையில் நிற்கும் பையன் கையில் காசு விழும் வாரங்கள் அவை. பரீட்சைக்கு முந்தைய பதினைந்து நாளில் அவன் ஆறு நாள்தான் வகுப்புக்கு வந்தான். எட்டு மதிப்பெண் கூடியது: 27. மறுபடி தவறினான்.

முடிவு வந்தபின் அவன் சொன்னது

ஆகஸ்டில் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“நீங்க சொன்னது சரிதான் டீச்சர். எல்லாம் என் கையிலதான் இருந்துச்சு. எனக்கு மண்டை இல்ல, அவ்வளவுதான்.”

“கலாம் ஐயாவப் பத்திச் சொன்னேனே தம்பி...”

“அவங்களுக்கு மண்டை இருந்துச்சு டீச்சர்.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நேரம் சரியில்லை என்று சொன்ன காலத்தில் அவனுக்கு அடுத்த தேர்வில் நேரம் சரியாகலாம் என்ற ஒரு சின்ன வழியாவது இருந்தது. நான் அதையும் அடைத்துவிட்டேன். பழி வெளியிலிருந்து உள்ளே வந்தது. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்த இடம் மாற்றவே முடியாத இடம்.

உளவியலாளர் பெர்னார்ட் வீனர் இதைத்தான் பிரித்துக்காட்டினார். காரணம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது மாறுமா என்பது இன்னொன்று. நம்மால் மாற்ற முடியுமா என்பது மூன்றாவது. மண்டை இல்லை என்பதும் படிக்கும் முறை தவறு என்பதும் இரண்டுமே உள்ளேதான் இருக்கின்றன. ஒன்றைக் கேட்டால் பையன் வலை பொத்தப் போவான். மற்றதைக் கேட்டால் நோட்டைத் திறப்பான். பொறுப்பை உள்ளே கொண்டுவந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன்.

கரையில் கவனித்தது

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, சித்தப்பாவிடம் பேசலாம் என்று விடியற்காலையில் கரைக்குப் போனேன். அந்த ஒரு மணி நேரம்தான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி.

படகு அப்போதுதான் கரையேறியிருந்தது. பாடு, அதாவது வலையில் கிடைத்தது, குறைவு. வலையில் இருந்து நண்டைக் கழற்றிக்கொண்டே பையன் சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருந்தான். ஏன் பாடு இல்லை என்று நான் சும்மா கேட்டேன். வகுப்பில் ஒரு வரிக்குமேல் பேசாதவன் ஐந்து நிமிடம் பேசினான்.

“நீவாடு (நீரோட்டம்) ஜாஸ்தி டீச்சர், வலை படுத்துருச்சு. அது ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நேத்து நாங்க வலை விட்ட இடம் தப்பு. முந்தாநாளே அந்தப் பக்கம் நண்டு சின்னதா வந்துச்சு, மாத்திருக்கணும். அப்புறம் நடுவுல ரெண்டு பாகம் கிழிஞ்சிருக்கு, அதப் பொத்தாமப் போட்டது நான்தான். சாயங்காலம் பொத்திருவேன்.”

கேட்டுக்கொண்டே நின்றேன். நேரம், மண்டை என்ற இரண்டு வார்த்தையும் அதில் இல்லை. எது கடலுடையது, எது தன்னுடையது என்று மீன் பிரிப்பதுபோல் பிரித்து வைத்தான். தன்னுடையதிலும் ‘நான் மோசம்’ என்று சொல்லவில்லை. எந்த இடம், எந்தக் கிழிசல், எப்போது சரிசெய்வேன் என்றான். நான் மூன்று மாதம் ஊட்டப் பார்த்தது அவனிடம் முழுசாக ஏற்கெனவே இருந்தது. கடலில் இருந்தது, கணக்கில் இல்லை.

இதைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். கடலில் அவன் வலையைச் சரிசெய்தால் மறுநாள் காலையில் பலன் தெரியும். கணக்கில் ஒன்பது வருடம் எழுதியதற்கு அவனுக்குக் கிடைத்தது தாளின் மூலையில் ஒரு எண். எந்த வரியில் தவறியது என்று யாரும் காட்டவில்லை. செய்ததற்கும் நடந்ததற்கும் இடையிலே நூல் தெரியாத இடத்தில் மனிதன் அதைக் காற்றென்றுதான் சொல்வான்.

கைவிடுவதுபற்றி முன்பு ஒரு கருத்து இருந்தது. 1967-இல் செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து, தப்பிக்க முடியாத துன்பத்தில் கிடந்த உயிர் கையறுநிலையைக் கற்றுக்கொள்கிறது என்றார்கள். அதே இருவரும் 2016-இல் அதைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் ஓய்ந்து கிடப்பது கற்றுக்கொள்ளாமலே வருவது. தன் செயலுக்குப் பலன் உண்டு என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் வேலை என்ன என்று இது எனக்குத் தெளிவாக்கியது. பேசுவதை நிறுத்திவிட்டு, அவன் செய்வதற்கும் கிடைப்பதற்கும் இடையே உள்ள நூலைக் கண்ணுக்குத் தெரியவைக்க வேண்டும்.

மூன்றாவது முடிவு: இரண்டு பக்க நோட்டு

நவம்பரில் கூண்டு ஏறிக் கடல் மூடியபோது அவன் திரும்ப வந்தான். சித்தப்பாதான் அனுப்பியிருந்தார். 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கி நடுவில் கோடு போட்டேன். “கரையில சொன்ன மாதிரி இங்கயும் சொல்லு” என்றேன். இடது பக்கத்துக்கு அவனே ‘காத்து’ என்று பெயர் வைத்தான். வலது பக்கத்துக்கு ‘வலை’.

தவறிய ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி எழுத வேண்டும். விதி ஒன்றே ஒன்று. வலைப் பக்கத்தில் எழுதுவது பொத்தக்கூடிய கிழிசலாக இருக்க வேண்டும். ‘கவனமில்லை’, ‘தெரியாது’ என்று எழுதினால் அடித்துவிடுவேன். எந்த வரியில் கணக்கு திசைமாறியது என்று எழுதியாக வேண்டும். ‘மைனஸைக் கடத்தும்போது மாற்றவில்லை’ என்பது கிழிசல். ‘கணக்கு வராது’ என்பது கிழிசல் கிடையாது.

முதலில் பழைய மாதிரித் தாள் ஒன்றைக் கொடுத்து எங்கே எவ்வளவு போகிறது என்று பார்த்தோம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2 என்று நூறாகிறது. அந்த எட்டு மதிப்பெண் இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். அவன் வாங்கியது 24. பகுதி வாரியாக 6, 4, 5, 9. பொதுத்தேர்வில் வடிவியலைத் தொடவே இல்லை என்று அப்போதுதான் சொன்னான். காம்பஸ் ஆணி தளர்ந்திருந்ததாம், வட்டம் சுற்றும்போது விலகியதாம். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாத காரணம் அது. பத்து ரூபாய்த் திருகாணிக் காரியம். அதை அவன் வலைப் பக்கத்தில் எழுதினான்.

பிறகு வட்டத்துக்கு வெளியிலுள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவதையும் வடிவொத்த முக்கோணம் வரைவதையும் மூன்று வாரம் தினமும் ஒன்று வரைந்தான். வலைக் கண் கட்டிப் பழகிய விரல், படிக்குப் படி வரைவது அவனுக்கு எளிதாக வந்தது. படியை விட்டால் எங்கே விட்டோம் என்பது படத்திலேயே தெரிந்துவிடும். நூல் கண்ணுக்குத் தெரிகிற பாடம் அது. அதனால்தான் அதிலிருந்து தொடங்கினேன்.

தினமும் ஐந்து கணக்கில் ஒன்று அவனுக்கு வராத கணக்காக வைத்தேன். முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன்: “இதுல ஒண்ணு உனக்கு வராது. எங்க நிக்குதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு.” டுவெக் ‘இன்னும் முயற்சி செய்’ என்று சொல்லவைத்தார். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையிலேயே முயன்று தோற்றவனிடம் இன்னும் முயற்சி செய் என்றால் அது மறுபடி மண்டையில்தான் போய் முடியும் என்று பயந்தேன். முயற்சி குறைவு என்றால் அதைச் சொன்னேன். வழி தவறு என்றால் வழியைச் சொன்னேன்.

மூன்றாவது பக்கம்

டிசம்பரில் அவனே ஒரு சிக்கலைக் கொண்டுவந்தான். தனித்தேர்வராக விண்ணப்பிக்கும் கடைசி நாளைக் கடலில் இருந்ததால் தவறவிட்டிருந்தான். “இத எந்தப் பக்கம் டீச்சர் எழுதுறது? தேதி வச்சது அவங்க. அதனால காத்து. மறந்தது நான். அதனால வலை. ஆனா இப்ப எதப் பொத்துறது?”

எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. சற்று யோசித்துவிட்டு அவனே சொன்னான். “இது சம்மாட்டி பக்கம் டீச்சர். அவர் கையிலதான் இருக்கு, ஆனா கேட்டுப் பார்க்கலாம். காத்துகிட்ட கேக்க முடியாதுல்ல?”

சம்மாட்டி என்றால் படகு முதலாளி. நோட்டில் மூன்றாவது பக்கத்துக்கும் கோடு போட்டோம். ஹன்னா லெவன்சன் என்ற ஆய்வாளர் 1970-களில் ராட்டரின் அளவுகோலை இப்படித்தான் பிரித்தார். வெளியே இருக்கும் காரணங்களில் அதிர்ஷ்டம் வேறு, அதிகாரம் உள்ள மனிதர்கள் வேறு என்றார். அந்த ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு பையன் படகுத் தொழிலிலிருந்து அதே பிரிவினைக்கு வந்து சேர்ந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் அவன் தனியாகவே தேர்வுத் துறைச் சேவை மையத்துக்குப் பஸ் ஏறிப்போனான். கூடுதல் கட்டணத்தோடு தட்கல் முறையில் விண்ணப்பிக்க வழியுண்டு என்று தெரிந்துகொண்டு வந்தான். இரண்டு நாள் நண்டுக் காசில் பணத்தைக் கட்டினான். ஆறு மாதம் முன்பாக இருந்தால் ‘நேரம் சரியில்லை’ என்று விட்டிருப்பான்.

அப்பாவோடு ஒரு போன்

ஜனவரியில் அப்பா கேரளத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். பையன் நோட்டு ஒன்று எழுதுவதாகவும், தன்னைப் பற்றியும் அதில் இருக்கிறதா என்றும் கேட்டார். அதுவரை அவரைக் குறித்து என் மனதில் ஒரு தீர்ப்பு இருந்தது. ‘நம்ம கையில என்ன இருக்கு’ என்று வீட்டில் அடிக்கடி சொல்வாராம். பையனுக்கு அந்தப் பேச்சுதான் ஒட்டிக்கொண்டது என்று நினைத்திருந்தேன்.

அவர் அரைமணி நேரம் பேசினார். இருபது வருடத்தில் ஒரு நாள்கூட வலை பார்க்காமல் படகில் ஏறியதில்லை. குடித்துவிட்டுப் போனதில்லை. ஆனாலும் அந்த ஒரு இரவில் எல்லாம் போயிற்று. “நான் சரியா இருந்தும் போச்சு டீச்சர். அப்ப என் கையில என்ன இருக்குன்னு சொல்றது தப்பா?”

தப்பில்லை என்று சொன்னேன். ராட்டரின் வினாத்தாளை அவரிடம் கொடுத்திருந்தால் அவர் விதியை நம்புகிறவர் என்று விடை வந்திருக்கும். அதில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வாக்கியம்தான், ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தன் வாழ்க்கையில் எதை எது முடிவு செய்தது என்பதை அவர் சரியாகத்தான் கணித்திருந்தார். அந்தக் கணிப்பைப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளுக்கும் நீட்டியதுதான் மகன் செய்த பிழை. இந்த வேறுபாடு எனக்குப் பிடிபட்டபின் வகுப்பில் நான் பேசும் விதமே மாறிவிட்டது. ‘விதி என்று சொல்லாதே’ என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

அன்று அப்பா மகனிடம் என்ன பேசினார் என்று தெரியாது. மறுநாள் காத்துப் பக்கத்தில் அவன் கையெழுத்தில் ‘அப்பா படகு’ என்று ஒரு வரி இருந்தது. அதற்குமுன் அந்த விஷயத்தை அவன் என்னிடம் வாய்திறந்ததே இல்லை.

என்ன ஆயிற்று

பிப்ரவரி மாதிரித் தேர்வில் 46. பகுதி வாரியாக 9, 10, 13, 14. அதிலும் பழக்கமில்லாத கேள்வி ஒன்று வைத்திருந்தேன். கலங்கரை விளக்கிலிருந்து இரண்டு படகுகளைப் பார்க்கும் இறக்கக்கோணக் கணக்கு. படம் மட்டும் வரைந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான். கடைசியில் திரும்பி வந்து இரண்டு வரி எழுதினான். 46-ஐவிட அந்தத் திரும்பி வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பொதுத்தேர்வில் 43. தேறினான்.

அவன் விரும்பியது ஐடிஐயில் டீசல் மெக்கானிக். படகு எஞ்சின் வேலைக்கு இந்தக் கரை முழுக்க ஆள் தேவை. கலந்தாய்வில் அது கிடைக்கவில்லை. அன்று மாலை நோட்டோடு வந்தான். காத்துப் பக்கத்தில் ‘கட் ஆஃப்’. சம்மாட்டி பக்கத்தில் ‘நேரடிச் சேர்க்கை எப்போது, என்ன காலி’. வலைப் பக்கத்தில் ‘அசல் சான்றிதழ், சாதிச் சான்று, போட்டோ எடுத்து வைக்கணும்’. நேரடிச் சேர்க்கையில் ஃபிட்டர் பிரிவில் இடம் கிடைத்தது. இரண்டு வருடப் படிப்பு. இப்போது முதல் வருடம். சனிக்கிழமை இரவு இன்னமும் சித்தப்பாவோடு நண்டு வலைக்குப் போகிறான். பட்டறையில் அரம் போடும் வேலையில் அளவு தவறினால் எங்கே தவறியது என்று எழுதிவைக்கிறானாம். நான் கேட்காமல் அவனே சொன்னது.

எல்லாம் இப்படியே நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரம் மூன்று நாள் போகாமல் கரையில் இருந்தான். ‘எனக்கு வராது டீச்சர்’ என்ற பேச்சு மறுபடி வந்தது. இந்தமுறை நான்காவது நாள் தானாகக் கிளம்பினான்.

அதே வகுப்பில் ஒரு பெண்

இவனோடு சேர்த்தே சொல்ல வேண்டிய ஒருத்தி இருக்கிறாள். அதே வருடம் அதே திண்ணையில் உட்கார்ந்தவள். காரணம் கேட்டால் முதல் நாளிலிருந்தே தன் பக்கத்தைத்தான் சொல்வாள். பாடக் குறிப்பு சரியாக எழுதவில்லை, அதிகாலையில் எழவில்லை என்பாள். பத்தாம் வகுப்பில் 400-க்குமேல் வாங்கினாள். வீட்டில் படகுக் கடன். பதினொன்றாம் வகுப்பு பாதியில் நின்று நண்டுச் சதை பிரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.

அவள் நம்பிக்கையில் குறையே இல்லை. குறை இருந்த இடம் வேறு. ஆனால் பழக்கத்தில் அவள் அதற்கும் தன்னைத்தான் நொந்துகொண்டாள். “நான் இன்னும் கெஞ்சிக் கேட்டிருக்கணும் டீச்சர்.” பிள்ளைகளிடம் உன் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வளர்த்தால், கையில் இல்லாதது கைவிட்டுப் போகும்போதும் அவர்கள் தங்களைத்தான் அடித்துக்கொள்வார்கள். பையன் விஷயத்தில் நான் கற்றதைவிட இது எனக்கு வலித்தது.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

முதல் வாரமே பிள்ளை நன்றாகச் செய்கிற ஒரு வேலையைப் போய்ப் பார்ப்பேன். கரையோ, அடுப்படியோ, பாசி எடுக்கும் இடமோ. அங்கே அவர்கள் காரணம் சொல்லும் விதத்தைக் கேட்டபிறகுதான் வகுப்பில் எதையாவது சொல்வேன். செப்டம்பரில் பார்த்ததை மே மாதத்திலேயே பார்த்திருந்தால் ஒரு துணைத்தேர்வு வீணாகியிருக்காது.

துணைத்தேர்வுக்கான தயாரிப்பை ஜூன் 14-க்குள் முடிக்கும்படி அமைப்பேன். அதற்குப் பிறகு கரை இழுக்கும். அந்த இழுப்பைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அந்தக் காசில் வீட்டில் அடுப்பு எரிகிறது.

மூன்றாவது பக்கத்தை முதலிலேயே போட்டுவிடுவேன். பெற்றோரையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வேன். குறிப்பாக வெளியூர்க் கடலில் இருக்கும் அப்பாக்களை. போனில் அரைமணி நேரம் போதும்.

அந்தப் பெண்ணுக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறாள். காத்துப் பக்கத்தை நிரப்பச் சொன்னபோது முதலில் மறுத்தாள், பிறகு ஒரு பக்கம் முழுவதும் எழுதினாள். சம்மாட்டி பக்கத்தில் மூன்று வரி இருக்கிறது. ஒன்று பள்ளித் தலைமையாசிரியரிடம், ஒன்று கம்பெனி மேற்பார்வையாளரிடம், ஒன்று அப்பாவிடம் கேட்க வேண்டியது. முதல் இரண்டையும் போன மாதம் நாங்கள் சேர்ந்து போய்க் கேட்டோம். பள்ளியில் மறுபடி சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதைத் தானே கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.